ஆந்தைக்காரியின் மச்சம்

— இடது கண்ணுக்குக் கீழம்மா, இடது! எழுதினது நான். முதல் புத்தகம், ரெண்டாவது பக்கம், நாலாவது வரி. எடுத்துக் காட்டவா?

— வேணாம் மேடம், எனக்கு மனப்பாடம். ஆந்தைக்காரிக்கு இடது கண்ணுக்குக் கீழே கடுகளவு மச்சம். வாள் வலது கையில, ஆந்தை இடது தோள்ல. ஏழு புத்தகத்தையும் மூணு தடவை படிச்சுட்டுத்தான் களிமண்ணையே தொட்டேன்.

— அப்புறம் ஏன் இந்தப் பொம்மைக்கு மச்சத்தை வலது பக்கம் வெச்சிருக்கே? வாள் இடது கையில இருக்கு. ஆந்தை வலது தோள்ல உக்காந்திருக்கு. எல்லாமே தலைகீழ்.

— அது சார் வரைஞ்ச மாதிரி மேடம். ஏழு அட்டையிலயும், உள்ள இருக்கிற நாப்பத்திரெண்டு படத்துலயும் அவ அப்படித்தான் இருக்கா.

— படத்துல இருக்கிற மாதிரிதான் வரணும். அவ்வளவுதான்.

— ஓ, ஓவியர் வாயைத் திறந்துட்டாரா! இங்க பாரும்மா, அவர்கிட்ட சொல்லு. நான் கதை எழுதலைன்னா அவர் யாரை வரைஞ்சிருப்பாருன்னு கேளு.

— அவங்ககிட்ட சொல்லுங்கம்மா, எனக்குக் காது நல்லாவே கேக்குதுன்னு.

— ஐயோ சாமி! ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்திருக்கீங்க. நடுவுல என் டீ தம்ளர் மட்டும்தான் இருக்கு. நான் பொம்மை செய்யிறவ, தபால்காரி இல்ல. நேரா பேசிக்குங்களேன்.

— நேரா பேசி பத்தொன்பது வருஷம் ஆச்சு. பழக்கம் விட்டுப் போச்சு.

— சரி மேடம், அப்போ நானே பேசறேன். திங்கக்கிழமை காலையில இவ அச்சுக்குப் போறா. இரும்பு அச்சு. வெட்டினதுக்கு அப்புறம் மயிரிழைகூட மாத்த முடியாது. கம்பெனி ஒப்பந்தத்துல தெளிவா போட்டிருக்கு, கதை எழுதினவங்க கையெழுத்து ஒண்ணு, படம் வரைஞ்சவர் கையெழுத்து ஒண்ணு. ரெண்டுல எது இல்லன்னாலும் பொம்மை கிடையாது. எட்டு மாசமா இந்த ஒரு சாண் பொம்பளையோடதான் குடித்தனம் பண்றேன். என் வீட்டுக்காரரு கேக்கறாரு, அவ முக்கியமா நான் முக்கியமான்னு.

— நீ என்ன சொன்னே?

— அச்சு முடியட்டும், சொல்றேன்னேன்.

— நல்லா செஞ்சிருக்கேம்மா, அதை நான் இல்லைன்னே சொல்லல. இந்த ஆந்தை இறகெல்லாம் எதால கீறினே?

— பல்குத்திதான் மேடம். முன்னூத்திப் பத்து இறகு. குறைச்சா விடமாட்டாங்க. இதை வாங்கறவங்க பூதக்கண்ணாடியோட உக்காருவாங்க. போன வருஷம் உங்க ஒத்தைக்கண் ராஜாவை வேற ஒருத்தர் செஞ்சாரு. இடுப்பு வார்ல ஒரே ஒரு துளை குறைஞ்சு போச்சு. மூணு பக்கத்துக்குக் கடிதம் வந்துச்சாம். ஒரு துளைக்கு மூணு பக்கம்! மச்சத்தைப் பக்கம் மாத்தி வெச்சா என் கதி என்ன ஆகும்?

— அதைத்தானே நானும் சொல்றேன்? எங்க போனாலும் என்கிட்ட முதல்ல கேக்கற கேள்வி இதுதான், உங்க ஓவியர் உங்க கதையைப் படிக்கவே இல்லையாங்க? முப்பது வருஷமா சிரிச்சு மழுப்பறேன். அட்டையை இனிமே மாத்த முடியாது. இந்தப் பொம்மை ஒண்ணுதான் பாக்கி. இந்த ஒரு தடவையாவது அவ நான் எழுதின மாதிரி நிக்கட்டும்மா. வேற எதுவும் கேக்கல.

— சார், நீங்க நிஜமாவே கதையைப் படிச்சீங்களா இல்லையா?

— படிச்சேன்.

— பொய்.

— பொய் இல்ல மேடம், கோவிச்சுக்காதீங்க. ஒத்தைக்கண் ராஜாவுக்கு இடது கண்ணு குருடுன்னு எழுதியிருக்கீங்க. படத்துலயும் இடதுதான். ஆறு விரல் தச்சனுக்கு வலது கை. படத்துல எண்ணிப் பார்த்தேன், வலதுதான், ஆறுதான். குதிரைக்கு எந்தக் கால் வெள்ளைங்கிறதுகூட சரியா இருக்கு. ஆந்தைக்காரி ஒருத்தி மட்டும்தான் புரண்டு கிடக்கறா.

— அப்போ அச்சகத்துல படத்தைத் திருப்பிப் போட்டிருப்பாங்க.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா அவளுக்குப் பின்னாடி கோட்டை வாசல்ல எழுத்து இருக்கே, அது நேரா இருக்கு. மூலையில சார் கையெழுத்தும் நேரா இருக்கு. படம் திரும்பல. அவ மட்டும் திரும்பியிருக்கா. ஏன் சார்?

— அப்படித்தான் வந்துச்சு. அவ்வளவுதான்.

— கேட்டுக்கோ! பதினோரு வருஷம் இந்த "அவ்வளவுதான்" கூடத்தான் குடும்பம் நடத்தினேன். சோறு வேணுமா? போதும், அவ்வளவுதான். இந்த அத்தியாயம் எப்படி இருக்கு? நல்லா இருக்கு, அவ்வளவுதான்.

— நல்லாத்தான் இருந்துச்சு.

— ரெண்டு பேரும் வீட்டுலயே உக்காந்துதான் வேலை பார்த்தீங்களா மேடம்?

— வீடா! ஒரே ரூம். என் மேஜை ஜன்னலோரம். இவர் மேஜை எதிர்ப்பக்கம், இரும்பு பீரோவை ஒட்டி. பீரோவைப் பார்த்து உக்காருவாரு, முதுகு எனக்கு. படம் வரையிற மனுஷனுக்கு வெளிச்சம் வேணுமா வேணாமா? ஜன்னலை விட்டுட்டு யாராவது பீரோ முன்னாடி போய் உக்காருவாங்களா? மேஜையைத் திருப்பிப் போடுங்கன்னு நூறு தடவை சொல்லியிருப்பேன். அசையவே இல்ல.

— அந்த வெளிச்சம் போதுமா இருந்துச்சு.

— சாப்பிடும்போது தட்டைப் பார்ப்பாரு, நடக்கும்போது ரோட்டைப் பார்ப்பாரு, ரூம்ல பீரோவைப் பார்ப்பாரு. ஏழு புத்தகம் எழுதி முடிச்சேன்மா. ஒரு நாள், ஒரே ஒரு நாள், தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்ததில்ல. எங்களுக்குள்ள வேற சண்டையே கிடையாது, கேட்டுப் பாரு. குடிச்சாரா, அடிச்சாரா, ஒண்ணும் இல்ல. முதுகைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போய்த்தான் கிளம்பினேன். அப்பவும் என்ன கேட்டாரு தெரியுமா? வீட்டுல எதுவும் வேணாம், அந்த பீரோ மட்டும் போதும்னாரு. இருந்ததே நாலு சட்டை. நாலு சட்டைக்கு ஒரு பீரோ! சிரிக்கறதா அழறதான்னு எனக்குத் தெரியல.

— சார், சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?

— டீ ஆறிப் போச்சும்மா.

— சரி மேடம், இப்படியே பேசிக்கிட்டிருந்தா பொழுதுதான் போகும். இதுதான் ஒப்புதல் சீட்டு. திருத்தம் இருந்தா எழுதினவங்களே கைப்பட எழுதித் தரணும், அதுதான் விதி. மச்சம், வாள், ஆந்தை, மூணையும் எழுதிக் கொடுங்க. சார் அதுல கையெழுத்துப் போடறாரா இல்லையான்னு அப்புறம் பார்ப்போம்.

— போடமாட்டேன்.

— அதான் அப்புறம் பார்ப்போம்னு சொன்னேனே சார்.

— பேனாவைக் கொடும்மா. இரு, மூக்குக்கண்ணாடியைக் கழட்டிக்கிறேன். கிட்டத்துல எழுதறதுக்கு இது தொல்லை. கழட்டினா எழுத்து பளிச்னு தெரியும், ஆனா மேஜைக்கு அந்தாண்ட நீ நிக்கறது வெறும் புகைதான். ம், ஒண்ணு, மச்சம்... ஏம்மா, என்னை ஏன் அப்படிப் பார்க்கறே?

— எப்படித் தெரிஞ்சுது மேடம்? புகைன்னீங்க?

— தெரியல, உறைக்குது. யாராவது உத்துப் பார்த்தா எனக்கு ஒரு வரி ஓடாது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். அந்தப் பக்கம் திரும்பிக்கோ.

— ஒரு நிமிஷம் மேடம், அசையாதீங்க. உங்க மூக்கு மேல, ரெண்டு பக்கமும்...

— மூக்குக்கண்ணாடி அழுத்தின குழி. பன்னெண்டு வயசுலேர்ந்து போடறேன். ஏன்?

— ஆந்தைக்காரிக்கும் இருக்கு.

— என்ன இருக்கு?

— இந்தக் குழிதான். எல்லாப் படத்துலயும் மூக்கு மேல ரெண்டு பக்கமும் சின்னதா நிழல் விழுந்திருக்கு. அது ஆந்தை கொத்தின தழும்புன்னு ரசிகருங்க கட்டுரையே எழுதியிருக்காங்க. ஆனா கதையில அப்படி ஒரு வரி கிடையாது. அவ மூக்குக்கண்ணாடி போடறவளும் இல்ல. எட்டு மாசமா இந்தக் குழிக்காக மண்டையைப் பிச்சுக்கிட்டிருக்கேன். வாங்கறவங்களுக்குப் பயந்து பொம்மையில வெச்சுட்டேன், ஆனா எதுக்குன்னு தெரியாமத்தான் வெச்சேன்.

— ஏதோ அவர் கை தவறி விழுந்த கோடா இருக்கும்மா.

— நாப்பத்திரெண்டு படத்துலயுமா? அப்புறம் உங்க மச்சம். இடது கண்ணுக்குக் கீழ. மூக்குக்கண்ணாடிச் சட்டம் மறைச்சதுல இவ்வளவு நேரம் எனக்குத் தெரியவே இல்ல.

— என் மச்சத்தைத்தான் அவளுக்குக் கொடுத்தேன். எழுதறவங்க வேற எங்கேர்ந்து எடுப்பாங்க? யார்கிட்டயும் சொன்னதில்ல. இவர்கிட்டகூட.

— சார், எங்க எழுந்திரிக்கிறீங்க?

— சூடா வேற டீ வாங்கிட்டு வரேன்.

— டீயெல்லாம் வேணாம், உக்காருங்க. மேடம், நீங்க வகிடு எந்தப் பக்கம் எடுப்பீங்க?

— இடது பக்கம். எப்பவுமே அப்படித்தான். கதையில வகிட்டைப் பத்தி நான் எழுதவே இல்லையே?

— எழுதல. படத்துல இருக்கு. வலது பக்கம். எழுந்து வாங்க மேடம், இந்தச் சுவர்க் கண்ணாடிகிட்ட. எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு. முகத்தையே பார்த்துப் பார்த்து செஞ்சா கண்ணு பழகிடும், கோணல் தெரியாது. அதனால கண்ணாடியில காட்டிப் பார்ப்போம். இன்னும் கிட்ட வாங்க. மூக்குக்கண்ணாடியைப் போடாதீங்க.

— போடலைன்னா என் முகம் எனக்கே தெரியாதே. அது இல்லாம நான் எப்படி இருப்பேன்னே எனக்குத் தெரியாதும்மா.

— அதனாலதான் மேடம் முப்பது வருஷமா உங்களுக்குத் தெரியல. மூக்கு இடிக்கிற மாதிரி கிட்ட வாங்க. ஆங். இப்போ பொம்மையைக் கண்ணாடிக்குப் பக்கத்துல, உங்களைப் பார்க்கற மாதிரி பிடிச்சுக்கறேன். கண்ணாடியில இருக்கற முகத்தையும் பாருங்க, இவளையும் பாருங்க.

— ...மச்சம் ஒரே பக்கம்.

— வகிடு?

— அதுவும்.

— கையில இருக்கற பேனாவைத் தூக்குங்க.

— வாள் இருக்கற பக்கம். ஏம்மா, மோவாயைப் பாரேன். இந்த லேசான கோணல். இது... இது நான்தானா?

— நீங்கதான். கதையைப் படிக்காம வரைஞ்ச படம் இல்ல மேடம் இது. படிச்சுட்டுத்தான் வரைஞ்சிருக்காரு. மத்த எல்லாரையும் கதையைப் பார்த்து வரைஞ்சாரு. இவளை மட்டும் கண்ணாடியில தெரிஞ்ச ஒரு முகத்தைப் பார்த்து வரைஞ்சிருக்காரு. எழுதிக்கிட்டிருக்கற முகம். அப்பத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வெச்ச முகம். அவ தோள்ல இருந்த ஆந்தையையும் சேர்த்துத் திருப்பிட்டாரு.

— அந்த ரூம்ல கண்ணாடியே கிடையாதும்மா. இருந்ததெல்லாம் அந்த...

— எந்த?

— பீரோ. அந்த பீரோ கதவுல ஆளுயரத்துக்குக் கண்ணாடி பதிச்சிருந்தது. நான் எழுதும்போது நிமிர்ந்து பார்த்தா அது எனக்கு வெறும் சாம்பல் கலர் பலகை. அதுக்கு முன்னாடி ஒரு முதுகு. அவ்வளவுதான் தெரியும் எனக்கு.

— இப்பவும் இருக்கு. ஓரத்துல கொஞ்சம் ரசம் போயிடுச்சு.

— மேடம், உக்காருங்க. தண்ணி தரட்டுமா?

— வேணாம். அந்தச் சீட்டைக் கொடு. எழுதினதை அடிச்சுடறேன். திருத்தம் ஒண்ணும் கிடையாது. மச்சம் வலது பக்கமே இருக்கட்டும். அந்தக் குழியைத் தொடாதே, இன்னும் கொஞ்சம் ஆழமா வேணாலும் வை. இந்தா, என் கையெழுத்து.

— சார், உங்களோடது?

— இங்கதானே போடணும்?

— அங்கதான். ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நான் போய் சூடா டீ வாங்கிட்டு வரேன்.

— நீ இரும்மா, போகாதே. தனியா விட்டா எனக்குக் கேக்க வராது. ஏங்க...

— ம்?

— பதினோரு வருஷம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதா? நான் போயிருக்கவே மாட்டேனே.

— திரும்பினா நீ எழுதறதை நிறுத்திடுவே.