ஊதுபத்தி அணைவதற்குள்

ஹலோ... ஹலோ! அண்ணா, வைக்காதே! ஒரு தடவை வெச்சுட்டே, மறுபடியும் வெச்சுடாதே. நான்தான்... சூயின். உன் தங்கச்சி.

ஆமா... ஆமா, நாலு வருஷம் ஆச்சு. தெரியும்... திட்டு. நாளைக்கு நானே வந்து வாசல்ல நிக்கறேன், ஊர் கூடித் திட்டுங்க. இப்ப ஒரே ஒரு கேள்வி. மத்தியானம் என் வீட்டுக்காரர் அங்க வந்தாரா? கையில நிலாப் பணியாரம் வெச்ச ஒரு தகர டப்பா... சிவப்பு. மூடியில நிலாவுக்குப் பறந்து போற பொண்ணு, காலடியில முயல்...

ஐயோ.

உன்னைச் சொல்லலை. அந்த டப்பா இப்ப எங்க இருக்கு?

நிலாப் படையல்லயா?

எந்தப் பக்கம்? ஓரமா, நடுவுலயா?... நடுவுலயேவா! பம்ளிமாஸுக்கும் சேப்பங்கிழங்குக்கும் நடுவுல, அம்மாவே எடுத்து வெச்சாளா... என்ன சொன்னா வெச்சப்போ?... வேணாம், சொல்லாதே. அதை அப்புறம் கேக்கறேன். அண்ணா, அதை எடுத்துடு. இந்த நிமிஷமே எடு. யாரும் அதுல வாய் வைக்கக் கூடாது!

...

கஞ்சத்தனமா? நானா? குடுத்ததைத் திருப்பிக் கேக்கறேனா? அண்ணா, அந்தப் பணியாரத்துல எலி மருந்து இருக்கு.

...

சிரிக்காதே. தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்றேன், சிரிக்காதே! எங்க கடையில எலித் தொல்லை. பெருச்சாளி, ஒவ்வொண்ணும் பூனை அளவு. அரிசியில கலந்து வெச்சா மோந்து பாத்துட்டுப் போகுது. பண்டிகை வந்தா அதுங்களுக்கும் நிலாப் பணியாரம்தான் வேணும் போல. மாவுக்கடைக்காரர் குடுத்த டப்பாவைப் பிரிச்சேன். நாலு பணியாரம். அடியில துளை போட்டு, தாமரை விதைப் பூரணத்தோட மருந்தைக் கலந்து, திரும்ப அடைச்சேன். கடை மூடினதும் வைக்கலாம்னு மூடி போட்டு அலமாரி மேல ஏத்தினேன். இவர் அதைப் பாத்திருக்கார்...

ஆமா, ரிப்பன் அவர்தான் கட்டினது. எனக்குத் தெரியாமத்தான். 'உங்க வீட்டுப் பகையை ஒரு டப்பாவுல முடிச்சுட்டேன்'னு இப்பத்தான் போன்ல பெருமையா சொன்னார். லோடு ஏத்திக்கிட்டு நெடுஞ்சாலையில போயிட்டிருக்கார் மனுஷன். அலமாரியைப் பாத்தேன், டப்பா இல்லை. உடனே உனக்குப் போன் போட்டேன்.

...

சரி, நீங்க வேணாம்னு சொல்லியும் நான் கட்டிக்கிட்டவர் மிளகாய் தின்னிதான். மிளகாய் தின்ற ஊர்க்காரனுக்கு மூளையும் எரிஞ்சு போயிருக்கும்தான். ஒத்துக்கறேன்! அவரை அப்புறம் வறுத்துக்கலாம். வெட்டியாச்சா? அதைச் சொல்லு.

இல்லையா... உறுதியா? ஊதுபத்தி இன்னும் எரியுதா? எவ்வளவு பாக்கி?... 'கொஞ்சம்'னா எவ்வளவு? விரல் நீளமா, நகம் அளவா?... நீ பாத்து எவ்வளவு நேரம் ஆச்சு?

நீ படையல் வெச்ச மாடியில இல்லையா?

தோப்புலயா! அண்ணா, தோப்புல நின்னுக்கிட்டா என்னோட சண்டை போடறே? வெடிச் சத்தம் கேக்காம பேசறதுக்கு வேற இடம் கிடைக்கலையா? ஓடு! பத்தி அணைஞ்சதும் அம்மா கத்தியை எடுத்துடுவா. ஒரு நொடி காக்க மாட்டா, உனக்குத் தெரியாதா? நிலாவைக் கும்பிடறது பொம்பளைங்க வேலைன்னு உங்க யாரையும் கிட்டவே சேக்க மாட்டாளே. ஓடு, போனைக் காதுல வெச்சுக்கிட்டே ஓடு!

...

பேச்சை விடு, ஓடு.

...

இல்ல! இதுல சூழ்ச்சி எதுவும் இல்ல. உன் பொண்ணு டௌடௌ அங்க இருக்கா இல்ல? அவளுக்கு நாலு வயசு ஆகப்போகுதா? அவ முகத்தைக் கூட நான் பாத்ததில்ல. போட்டோவுலதான். பூரணத்தை நோண்டித் தின்னுட்டு மேல்தோலைத் தட்டுல வெப்பாளாம், அண்ணி போட்டோவோட எழுதியிருந்தா. பூரணத்துலதான் இருக்கு அண்ணா! பூரணத்துலதான்!

...

ஆ... ஓடறியா. ஓடு. மூச்சு வாங்கட்டும் பரவாயில்ல. படி... படி ஏறு. அங்கேருந்தே கத்து. 'அம்மா வெட்டாதே'ன்னு கத்து!

...

என்ன? என்ன சத்தம் அது?... யார் அழறது? அண்ணா! அண்ணா, யார் அழறது?

...

தட்டி விட்டியா... கையிலிருந்து? டௌடௌ வாயில வெச்சாளா? அவ வாயைத் திறந்து பாரு. நாக்குக்கு அடியில பாரு. விரலை விட்டுப் பாரு, கடிச்சா கடிக்கட்டும்!... ஒண்ணும் இல்லையா? பல்லுல ஒட்டியிருக்கா?... நக்கினாளா?... அவளையே கேளு. அத்தை கேக்கறேன்னு சொல்லு... இல்லையாம்மா? நிஜமா இல்லையா கண்ணு? அழாதே, உங்க அப்பன் கெட்டவன் இல்ல. அத்தை உனக்கு முயல் லாந்தர் வாங்கித் தரேன், பெரிய லாந்தர்.

அண்ணா, கையைக் கழுவி விடு அவளுக்கு. சோப்புப் போட்டு. மத்தவங்க? சித்தப்பா? சித்தி? அண்ணி?... யாருமே தின்னலையா? வெட்டியாச்சுன்னா எப்படி...

ஓ... அப்பா முதல் துண்டை வாயில வைக்கணும்னு உக்காந்திருந்தீங்களா. சரி... சரி. நம்ம வீட்டு மரியாதை இன்னிக்குத்தான் உருப்படியா ஒரு காரியம் பண்ணியிருக்கு.

போனை அம்மாகிட்ட குடு.

...

அம்மா.

...

நான்தாம்மா... அழாதேம்மா. நீ அழுதா எனக்குப் பேச வராது. கேளு. அந்தப் பணியாரம்... அண்ணன் சொன்னது நிஜம்.

...

இல்லம்மா.

...

இல்ல, நான் அனுப்பலை. எனக்குத் தெரியவே தெரியாது. நான் வீம்பா உக்காந்திருந்தேன், நாலு வருஷமா ஒரு பணியாரம் கூட அனுப்பலை, இந்த வருஷமும் அனுப்பலை. என் வீட்டுக்காரர் பெங்தான்... ஆமாம்மா. நடுவுல வெச்சியாமே. நிலாகிட்ட 'என் பொண்ணு திரும்பிட்டா'ன்னு சொன்னியா?... சொல்லிட்டியா. மன்னிச்சுடும்மா. பொய்யாவே இருந்திருக்கலாம், உன் சந்தோஷத்துக்கு அப்படியே விட்டிருப்பேன். மருந்து இருக்கே அம்மா, எப்படி விடுவேன்?

சரி, இப்ப நான் சொல்றதைச் செய். டப்பாவுல மீதி மூணு பணியாரம் இருக்கும். எண்ணு... மூணு இருக்கா? மூடி போட்டுக் கட்டு. குளத்துல வீசாதே, மீன் செத்துரும். நாய்க்குப் போடாதே. கத்தியைத் தனியா வை. இப்ப வெட்டின துண்டை எண்ணு. கீழ விழுந்ததையும் சேத்து எண்ணு.

...

ஏழு. வீட்டுல நீங்க ஏழு பேர், ஏழு துண்டு. அப்பாடா. உயிர் வந்துச்சும்மா. நான் இங்கே தரையிலயே உக்காந்துட்டேன்...

என்ன சித்தி பின்னாலேருந்து சொல்றாங்க?

...

எட்டா?

எட்டா வெட்டினியாம்மா? ஏம்மா எட்டு? ஏழு பேருக்கு ஏன் எட்டு? அப்ப ஒரு துண்டு எங்க? அம்மா! மேசைக்கு அடியில பாரு, நாற்காலி மேல பாரு! அண்ணா, டௌடௌ பாவாடையை உதறு! எட்டாவது எங்க?

...

அப்பாவா?

அப்பா எங்க?... எப்பப் போனார்? இப்ப... பத்து நிமிஷம் ஆகலையா. துண்டை எடுத்துக்கிட்டா? கையிலயா, வாயிலயா?... காகிதத்துல சுத்தி... சட்டைப் பையில... வண்டியை எடுத்துக்கிட்டு... எங்கேன்னு சொன்னார்?

...

அம்மா, எங்க போனார்னு சொல்லு! போற வழியில பசிக்குதுன்னு ஒரு கடி கடிச்சா முடிஞ்சுது! போன் பண்ணு அவருக்கு... மேசை மேலயா? போனை வெச்சுட்டே போயிட்டாரா! எப்பவும் இந்த மனுஷன் இப்படித்தான்!

...

என்ன 'கடிக்க மாட்டார்'? உனக்கு எப்படித் தெரியும்?

...

யார் பங்கு?

...

திரும்பச் சொல்லும்மா. வெடிச் சத்தத்துல சரியா கேக்கலை.

...

வருஷா வருஷமா?

நாலு வருஷமும் எட்டாத்தான் வெட்டினியா? வீட்டுல இல்லாதவங்களுக்கும் ஒரு துண்டு உண்டு... அது எனக்குத் தெரியும். ஊர்ல எல்லார் வீட்டுலயும் உண்டு. நம்ம வீட்டுல எனக்கு இருக்கும்னு நான் நினைக்கலையேம்மா... போன வருஷம் அந்தத் துண்டை என்ன பண்ணினீங்க?... காய்ஞ்சு போற வரைக்கும் தட்டுலயே... அப்பா யாரையும் எடுக்க விட மாட்டாரா. பேசினாரா? ஏதாவது சொல்வாரா?... ஒண்ணும் சொல்ல மாட்டார். ஆமா, அவர் எப்படிச் சொல்வார்.

இன்னிக்கு என் டப்பா வந்ததும்... 'அவளே முதல்ல இறங்கி வந்துட்டா, அவ பங்கை நான் கொண்டு போய்க் குடுக்கறேன்'னு... ஊதுபத்தி அணைஞ்சதும் முதல் துண்டை... அவர் தின்னாமயே...

அம்மா, அவர் உக்காந்து தின்னிருந்தா நீங்க எல்லாரும் தின்னிருப்பீங்க. புரியுதா? அவர் கிளம்பினதாலதான்... சரி. சரி, அழக்கூடாது. நேரம் இல்ல.

அண்ணாகிட்ட குடு.

அண்ணா, உன் பைக் இருக்கு இல்ல? அப்பா பின்னாலயே வா. ஒரே ரோடுதான், ஆத்துப் பாலம் வழியாத்தான் வருவார். நான் எதிர்ல ஓடறேன். வழியில யார் வீட்டுக் குழந்தையாவது 'தாத்தா, பணியாரம்'னு கை நீட்டினா குடுத்துருவார்டா, அதுதான் பயம்... என்னது? என் பங்கைக் குடுக்க மாட்டாரா? நீயும் அதையேதான் சொல்றியா.

...

அண்ணா, எனக்குத் தெரியலை. நாலு வருஷம் கழிச்சு ஒரு மனுஷன் பாலத்துமேல வந்து வண்டியை நிறுத்திப் பையில கை விடறார். அவர்கிட்ட 'இது நான் அனுப்பினது இல்ல, விஷம்'னு எந்த வாயால சொல்வேன்? நீ சொல்லு... நீ வந்து சொல்லு. நான் முதல்ல வாங்கிக்கறேன். ரெண்டு கையாலயும் வாங்கிக்கறேன். தின்ன மாட்டேன், பயப்படாதே. ஆனா வாங்கிக்கறேன்.

இல்ல, கடையைப் பூட்டலை. பெருச்சாளி வந்து தின்னுட்டுப் போகட்டும். பாலம் தெரியுது. ஒரு விளக்கு மெதுவா வருது... மேட்டுல அவர்தான் வண்டியை இப்படி உருட்டுவார். வைக்கிறேன்.

அப்பா! அப்பா, நில்லுங்க!