மூன்று கையெழுத்து

ஜூலை 21, திங்கள்.

சென்ற வாரப் பக்கத்தில் ஒரு சிறு பிழை. வண்டியின் முன் பேட்டரியிலிருந்து பின் பேட்டரிக்குப் போகும் கம்பியின் நீளத்தை நான்கு மீட்டர் என்று எழுதியிருக்கிறேன். நான்கே கால். திருத்திவிட்டேன்.

என்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. அதனால் எதையும் இருமுறை பார்ப்பேன், பார்த்ததை எழுதி வைப்பேன். மாலை வகுப்பில் மின்வேலை படிக்கும் பதினெட்டுப் பேரில் இதைச் செய்பவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் செல்பேசியில் வீடியோ பார்த்துக் கம்பி முறுக்குகிறவர்கள். அவர்களில் தலைவன் சிவசங்கர். ஸ்ரீரங்கத்து அச்யுத் தன் வேனைப் படுக்கையும் அடுப்புமாக வீடுபோல் மாற்றியபோது மின்வேலையை அவனிடம்தான் கொடுத்தார். நான் அவனுக்கு உதவி.

வண்டி ஓடும்போது எஞ்சின் பின் பேட்டரியையும் சார்ஜ் செய்யும். நிறுத்திய இடத்தில் அந்தப் பேட்டரியில் விளக்கும் விசிறியும் ஓடும். இவ்வளவுதான் வேலை. கம்பி தரைத்தகட்டில் ஒரு துளை வழியாகப் போகிறது. துளையின் விளிம்பு அதை அறுக்காமலிருக்க ரப்பர் வளையம் போட வேண்டும். சிவசங்கர் போடவில்லை. சொன்னேன்.

"ஆரம்பிச்சிட்டான்யா. காலையில தின்ன இட்லியக்கூட எண்ணி எழுதி வச்சிருப்பான் சார் இவன்" என்றான். அச்யுத் சிரித்தார். படித்தவர்களும் இதற்கெல்லாம் சிரிப்பார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

வளையம் இல்லாவிட்டாலும் ஃபியூஸ் இருக்கும்வரை உயிருக்கு ஆபத்தில்லை. கம்பி தகட்டைத் தொட்டதும் ஃபியூஸ் உருகிவிடும். சார்ஜ் ஏறாது, அவ்வளவுதான். சனிக்கிழமை நான் அந்த ஃபியூஸைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் ஒரு செம்புத் துண்டை வைத்தேன். செம்பு அவ்வளவு எளிதில் உருகாது. மூடியைத் திறந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். திறக்கிறார்களா என்று பார்க்கத்தான் வைத்தேன்.

ஞாயிறு மாலை நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் கிளம்ப வேண்டும் என்று அச்யுத் பரபரத்தார். எலுமிச்சம்பழம் சக்கரத்தடியில் சரியாக இருக்கிறதா என்று மூன்று முறை குனிந்து பார்த்தார். நான் என் சரிபார்ப்புப் பட்டியலை நீட்டினேன். 'ஃபியூஸ் பெட்டி திறந்து பார்க்கப்பட்டது' என்ற வரிக்கு நேரே, செல்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சிவசங்கர் கையெழுத்திட்டான். எங்கே போடணும் என்று மட்டும் கேட்டுவிட்டு அச்யுத்தும் போட்டார். அவர் மனைவி மைத்ரேயி பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க பாத்துட்டேளா?"

"பாத்துட்டேங்க."

"அப்போ சரி" என்று அவரும் போட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. பார்த்திருந்தேன்.

மருங்காபுரியை நெருங்கும்போது கம்பியின் உறை அறுபட்டுத் தகட்டைத் தொட்டு, வண்டி தீப்பிடித்திருக்கிறது. மைத்ரேயி பின்னால் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாராம். அச்யுத் முன்கதவு வழியாக இறங்கிவிட்டார். பின்கதவைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு கைகளிலும் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்.

வளையம் போடாததற்காகச் சிவசங்கரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அது நியாயம்தான். என்னையும் விசாரித்தார்கள். பட்டியலைக் காட்டினேன். ஒரு காவலர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பையன் பேச்சை அவங்க கேட்டிருக்கலாம் என்றார். எரிந்த வண்டியிலும் ஃபியூஸ் பெட்டியை இதுவரை எவரும் திறக்கவில்லை.

மைத்ரேயி சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மூவருக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். மூவரில் அவர் ஒருவர்தான் கேள்வியாவது கேட்டார். ஆனால் கேட்டதோடு நின்றுவிட்டார்.

இன்று மதியம் தில்லைநகரிலிருந்து பிரேமலதா என்பவர் கூப்பிட்டார். அவர்களும் வேன் வாங்கியிருக்கிறார்கள்; பிள்ளைகளோடு மூணாறு போகவேண்டுமாம். "உங்கள நம்பித்தாங்க குடுக்கறோம். எல்லாத்தையும் ரெண்டு தடவ பாப்பீங்களாமே" என்றார். இப்படிச் சொல்லிவிட்டுத்தான் எல்லோரும் பார்க்காமல் இருந்துவிடுகிறார்கள்.

நாளை மாலை ஆறு மணிக்கு அவர் வேனை அளக்க வேண்டும். போகிற வழியில் காந்தி மார்க்கெட்டில் செம்புத் தகடு வாங்க வேண்டும்.