மச்சான் போன்ல எடமில்ல

கையை எடு மச்சான், வயரை ஆட்டாதே. ஆட்டினா கம்ப்யூட்டருக்கும் உன் போனுக்கும் பேச்சு நின்னுடும், திரும்ப மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்.

இல்ல, விரலால தொட்டு அழிக்க முடியாது. உன் போன் இன்னிக்குத் தொட்டா நாளைக்குத்தான் முழிக்கும். நாளைக்கு நீ ஃபிஜியை விட்டுக் கெளம்ப நாந்தி ஏர்போர்ட்ல நிப்ப. ஆஸ்திரேலியாவுல அந்தத் திராட்சைத் தோட்டக்காரன், அவன் ஆப் போன்ல இல்லேன்னா வேலைக்கே சேத்துக்க மாட்டானாமே. அதான் அதுக்கு எடம் பண்ண, வேண்டாத ஆப்பையெல்லாம் இங்கேருந்து கட்டளை அடிச்சே தூக்கறேன். சுவாவுல வேற எந்தக் கடைக்குப் போயிருந்தாலும் புது போன் வாங்குன்னு சொல்லி அனுப்பியிருப்பான்.

பாரு, ஆப் பேரெல்லாம் வரிசையா வருது. தலை எல்லாத்துக்கும் 'காம்'னு ஒண்ணுதான், வாலைப் பாத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கணும். ரக்பி கேம் மூணு. நெசத்துல பெஞ்சுலயே உக்காந்திருந்தவனுக்கு மூணு எதுக்கு? போகட்டும். சக்சஸ்னு வருது பாத்தியா? ஒவ்வொண்ணு போறப்பவும் அப்படித்தான் சொல்லும், எழவு வீட்டுல கை தட்டற மாதிரி.

கடல் ஏத்தம் எறக்கம் பாக்கற ஆப். திராட்சைத் தோட்டத்துல எங்க போய் வலை போடப் போற? சரி, சரி, மூஞ்சியத் தூக்காதே. இருக்கட்டும், சின்னதுதான்.

பைபிள் ரெண்டு. ஒண்ணு போதும். அதையும் நீ தொறந்து நான் பாத்ததில்ல.

ஆ, இதான் எடத்தை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. பாட்டு பதியற ஆப். சர்ச்சுப் பாட்டுக் குழுவுல நீ அடிக்குரல் பாடினது, ரெண்டு வருசத்துது. ஏன் கத்தற? அழியல. எல்லாத்தையும் என் கம்ப்யூட்டருக்கு எடுத்துட்டுத்தான் தூக்கினேன்.

பென்டிரைவ்ல போட்டுத் தரணுமா? தர மாட்டேன்.

கேக்காம எடுத்தேன்னா என்ன? எங்கம்மா உங்க ஊர்ப் பொண்ணு, அதனால நம்ம ஃபிஜி வழக்கப்படி நான் உங்களுக்கு 'வாசு', ஊர்ப் பொண்ணு பெத்த புள்ள. உங்க வீட்டுல கோழி, பாய், படகு, எது கண்ணுல பட்டாலும் வாயத் தொறக்காம எடுத்துட்டுப் போற உரிமை எனக்கிருக்கு. இத்தனை வருசத்துல ஒரு கோழிகூட நான் தூக்கினதில்ல. இப்ப இதை எடுத்துக்கிட்டேன், போ.

தோட்டக்காரன் ஆப் ஏறிடுச்சு. இந்தா, புடி.

பாட்டை எதுக்கு எடுத்தேன்னா கேக்கற? ஒன்பது மாசம் உன் குரல் இல்லாம எனக்கு ஞாயித்துக்கெழமை எப்படிப் போகும்? உனக்கு வேணும்னா திரும்பி வந்து வாங்கிக்கோ. தனியா வராதே, உங்க பெரியவங்களைக் கூட்டிட்டு வா. திமிங்கிலப் பல்லை மறந்துடாதே. பொண்ணு கேக்க வர்றவங்க கையில அது இல்லேன்னா எங்கப்பா நிமிந்தே பாக்க மாட்டாரு.