மயிரிழை கீழே

எனக்குக் கோபம் வருவதே குறைவு. ஹட்டனில் என்னைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மாதா கோயில் பாடற்குழுவுக்குப் பதினெட்டு வருடமாக மாஸ்டர். ஒரு பிள்ளையைக்கூட அதட்டியதில்லை. பிழைப்புக்கு, கடைத்தெருவில் தையல் கடைக்கு மேலே ஓர் அறையில் ஒலிப்பதிவு. கல்யாணப் பாட்டு, திருவிழாப் பாட்டு, தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு, எது வந்தாலும் சரி.

2001இல் கொழும்பிலிருந்து ஒரு சீடி கொண்டுவந்தேன். சுதி திருத்துகிற சொப்ட்வெயார். பாடியதைக் கொம்பியூட்டர் கோடாகப் போட்டுக் காட்டும். சுரம் நிற்க வேண்டிய இடம் குறித்திருக்கும். பாடியவர் தவறினால் கோடு அதற்குக் கீழே தொங்கும். மவுஸால் பிடித்து மேலே இழுத்து வைத்தால் போதும், கழுதையும் பாடகராகிவிடும். முதலில் என் குரலைத்தான் போட்டுப் பார்த்தேன். சொல்லுக்குச் சொல் இழுக்க வேண்டியிருந்தது.

அந்த மாசியில் டெல்சி வந்தாள். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், எங்கள் குழுவில் பாடுகிறவள், இருபத்திரண்டு வயது. கொழும்பு வானொலி ஒன்று புதுக் குரல் தேடியது. ஒரு பாட்டைப் பதிந்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

"எடுபட்டா அங்கனயே வேல தருவாங்களாம் மாஸ்டர். மலைய விட்டு எறங்கிருவேன்" என்றாள்.

அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்று நான் நினைத்திருந்தது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லியிருக்கவில்லை.

பாடினாள். திரையில் அவளுடைய கோடு ஒவ்வொரு சுரத்திலும் போய் உட்கார்ந்தது. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. எரிச்சலாக இருந்தது, மறைக்க மாட்டேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வரச்சொல்லி அனுப்பிவிட்டு, நீட்டிப் பாடிய சுரங்களை மட்டும் பிடித்துக் கீழே இழுத்தேன். மயிரிழைதான். அதிகம் இழுத்தால் குரல் தகரமாகிவிடும்; எனக்கு வேலை தெரியும்.

வந்து கேட்டாள். முகம் சுருங்கிப்போனது.

"இது நானா மாஸ்டர்?"

"நீதான்."

"பாடுறப்ப சரியாத்தானே கேட்டுச்சு."

"நமக்குக் கேக்குறது வேற. மிஷினுக்குக் கேக்குறது வேற."

டெல்சி ஏமாளி என்று நினைத்துவிட வேண்டாம். பின்னேரம் கொழுந்து நிறுக்கும்போது, ஈரத்துக்கென்று கணக்கப்பிள்ளை இரண்டு கிலோ வெட்டுவார். மற்றப் பெண்கள் பேசாமல் நிற்பார்கள். இவள் முள் அசையாமல் நிற்கும் வரை தராசை விட்டு நகரமாட்டாள். ஆனால் தராசைப் பிடிப்பவன் மனுஷன். கொம்பியூட்டரை யார் பிடிக்கிறார்கள்? "இது கிலோ வெட்டாதுல்ல" என்று அவளேதான் சொன்னாள். நான் ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை.

நான்கு ஞாயிறு வந்தாள். நான்கு தடவையும் இழுத்தேன். நடுவில், குழுவிலேயே மோசமாகப் பாடுகிற ஒருத்தியின் குரலை மேலே இழுத்துவைத்து, அதையும் இவளுக்குப் போட்டுக் காட்டினேன். ஐந்தாவது ஞாயிறு அவள் வரவில்லை. கொழும்புக்கு எதையும் அனுப்ப வேண்டாம் என்றது அவள்தான்; நான் தடுக்கவில்லை. பாடற்குழுவிலிருந்தும் நின்றாள். பூசையில் எல்லோரும் பாடும்போது இவள் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்பாள்.

அடுத்த வருடம் பெண் கேட்டுப் போனேன். "எல்லாரும் நல்லாப் பாடுற, நல்லாப் பாடுறன்னு ஏமாத்துனாங்க. மாஸ்டர் ஒருத்தருதான் உண்மையக் காட்டுனாரு" என்று தாயிடம் சொல்லிச் சம்மதித்தாளாம். அந்தத் தவக்காலத்தில் கோயில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போய், பொய் சொன்னேன் சுவாமி என்றேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னார். நான் ஆறு சொன்னேன்.

மகள் பிறந்தாள். டெல்சி தாலாட்டவில்லை. கேட்டதற்கு, "எங் கொரலக் கேட்டா அவ காதும் கெட்டுப்போயிருங்க" என்றாள். தொட்டில் கயிறு கிரீச்சிடும் சத்தத்திலேயே பிள்ளை தூங்கிப் பழகியது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அவளுடைய பழைய பதிவை, கைவைக்காததை, கடையில் தனியே போட்டுக் கேட்பேன். அந்தக் குரலை என்னைப்போல் நேசித்தவர் ஒருவரும் இல்லை.

போன மாதம் மகளுக்கு ஆறு வயது முடிந்தது. பள்ளிக்கூட விழாவில் பாடச் சொன்னார்களாம். டெல்சி அவளைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக்கு ஏறி வந்தாள்.

"எனக்கு இருக்குற கொற இவளுக்கும் இருக்கான்னு பாருங்க. இருந்தா இப்பவே சொல்லிருங்க. ஆசப்பட்டு, அப்பறம் அழக் கூடாது."

பிள்ளை பாடியது. கோடு போய்ச் சுரத்தில் உட்கார்ந்தது. தாயின் குரல்தான்.

சரியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பிள்ளை வீட்டில் பாடும். கேட்கக் கேட்க, தாயும் ஒருநாள் கூடவே பாடிப் பார்ப்பாள். இரண்டு குரலும் ஒன்றாகச் சேர்ந்து நிற்பதை அவள் காதே அவளுக்குச் சொல்லிவிடும். பிறகு அவள் என்னைப் பார்க்கிற பார்வையை நான் யோசித்துப் பார்த்தேன்.

பிள்ளைக்கு இனிப்பு வாங்கிக் கொடுக்கச் சொல்லி இருவரையும் கீழே அனுப்பினேன். பத்து நிமிடம் போதுமாக இருந்தது.

திரும்பி வந்து இருவரும் கேட்டார்கள். மகள் தாயின் முகத்தைப் பார்த்தாள். டெல்சி அவளை மடியில் இழுத்து வைத்துத் தலையைத் தடவினாள்.

"பரவால்ல தங்கம். நம்மகிட்டப் பொய் சொல்லாத அப்பா இருக்காருல்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி நம்புகிற குடும்பம் எத்தனை பேருக்கு வாய்க்கும்.