மீந்த பால்

என் பெயரும் விலாசமும் மேலே எழுதிக்கொண்டபடி சரி. வயது நாற்பத்தொன்பது. ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைகள் வார்டின் தலைமைச் செவிலியராக இருக்கிறேன். இறந்துபோன குழந்தை விஷயமாக, வார்டைத் துப்புரவு செய்யும் பெண்ணைப் பிடித்து வைத்து விசாரிப்பதாகக் கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமல் நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

வார்டில் எனக்குச் சோப்பு அக்கா என்று பெயர். முழங்கை வரை கழுவாத யாரையும் உள்ளே விடமாட்டேன். பெரிய டாக்டரையே வாசலில் நிறுத்தி இன்னொரு தடவை கழுவ வைத்திருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மேற்படி குழந்தை குறைமாதத்தில் பிறந்தவன். விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டு விடமாட்டான் என்பதால் கட்டெறும்பு என்று கூப்பிட்டோம். உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாததால், தாயார் பீய்ச்சிக் கொடுக்கும் பாலை மூக்கில் போட்ட குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுவோம். அவன் வயிறு கொள்வது சொற்பம். மீந்த பாலை மலத்துணி அலசும் அறையில் கொட்ட வேண்டும் என்பது விதி. ஒரு நாள் நான் அப்படி எடுத்துப் போகும்போது தாயார் பார்த்துவிட்டு, "அக்கா, எவ்ளோ கஷ்டப்பட்டு எடுத்தேன். அதப் போய் அங்கயா ஊத்துறீங்க?" என்று கேட்டாள். தையல் ஆறாத வயிற்றோடு உட்கார்ந்து அவள் பீய்ச்சுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். எனக்கு மனசு கேட்கவில்லை.

அதன் பிறகு மீந்த பாலையெல்லாம், தொட்டில்களுக்குப் பக்கத்தில் நாங்கள் கை கழுவும் வாஷ்பேசினில் ஊற்றித் தண்ணீர் விட ஆரம்பித்தேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். துப்புரவுப் பெண்ணுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவள் அந்த பேசினை முகம் தெரிகிற மாதிரி தேய்த்து வைத்திருந்தாள்.

அதன் பிறகு ஒரு காலையில் கட்டெறும்பு விரலைப் பிடிக்கவில்லை. மதியத்துக்குள் வயிறு உப்பி, தோல் சாம்பல் பூத்துவிட்டது. டாக்டர் மருந்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ரத்தச் சோதனை முடிவு வந்ததும் லேப் அம்மா வார்டுக்கே வந்து, "கிருமி ரொம்ப மூர்க்கமா இருக்குக்கா. நம்மகிட்ட இருக்கற எந்த மருந்துக்கும் அசையல," என்றார். வெளியிலிருந்து வரவழைத்த மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே குழந்தை போய்விட்டான். பக்கத்துத் தொட்டில் குழந்தைக்கும் அதே தொற்று. பிழைக்குமா என்று இன்னும் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு, துப்புரவுப் பெண் அழுக்குக் கையால் தொட்டிலைத் தொட்டதுதான் காரணம் என்று தகப்பனார் புகார் கொடுத்தார். நிர்வாகத்துக்கும் அது வசதியாகப் போயிற்று. வாயில்லாப் பூச்சியின் தலையில் பழியைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள். லேப் அம்மா மட்டும் விடவில்லை. வார்டில் கண்ட இடத்திலெல்லாம் பஞ்சால் துடைத்தெடுத்துச் சோதித்தார். துடைப்பத்தில் இல்லை, அவள் கையிலும் இல்லை. வாஷ்பேசினுக்கு அடியில் குழாய் வளைகிற இடத்தில் அதே கிருமி இருந்தது. "பால் குடிச்சே வளர்ந்திருக்குக்கா," என்றார். தண்ணீரைத் திறக்கும்போதெல்லாம் அது மேலே தெறித்திருக்கிறது. கழுவிய கையோடு நாங்கள் அதைத் தொட்டிலுக்குக் கொண்டுபோயிருக்கிறோம். அந்த வார்டில் என்னைவிட அதிகமாகக் கை கழுவியவர்கள் யாரும் இல்லை.

தெரிந்தே செய்தீர்களா என்று கேட்டதற்கு: விதி தெரியும், எதற்காக அந்த விதி என்று நான் யோசிக்கவில்லை.

நேற்று தாயார் வார்டு வாசலுக்கு வந்தாள். பால் கட்டிக்கொண்ட வலி தாங்காமல் பீய்ச்சியதை, பழக்கத்தில் அதே டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். "இத எங்க ஊத்தட்டும், அக்கா?" என்றாள். நான் வாங்கிக்கொண்டு போய் மலத்துணி அலசும் அறையில் ஊற்றினேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். அத்தனையும் நடந்தபடியே இருக்கிறது. துப்புரவுப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தாயார் கேட்ட பிறகுதான் நான் இடத்தை மாற்றினேன் என்று வரும் பகுதியை மட்டும், ஐயா, அவளுக்கு வாசித்துக் காட்டாதீர்கள். அவள் கேட்கத்தான் செய்தாள். ஊற்றியது நான்.

(கையெழுத்து)
தலைமைச் செவிலியர்