கட் சொன்ன பிறகு

எனக்குச் சினிமாப் பைத்தியமெல்லாம் கெடையாதுங்க ஐயா. ஞாயித்துக்கிழமைன்னா கறி எடுத்துத் தின்னுபோட்டுத் தூங்கறதுதான் என்ற பழக்கம். நான் ஒரு படத்துல நடிச்சேன்னா எங்கூட்டுக்காரி கோமளாவே நம்ப மாட்டா. நடந்ததை வரிசையாச் சொல்றனுங்க. நீங்க மெதுவா எழுதிக்குங்க. எனக்கு அவசரமில்லை.

பேரு பிரபாகர். சொந்த ஊரு அவிநாசிபாளையம். திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரு. துணியை அடுக்கடுக்கா விரிச்சு, அளவு வரைஞ்சு, மிசின்ல வெட்டற வேலை. போன மாசியில ஓனர் என்னையக் கூப்பிட்டாரு. தெரிஞ்ச புள்ளை ஒண்ணு ஏதோ குறும்படம் எடுக்குதாம், ஞாயித்துக்கிழமை கம்பெனியைத் தொறந்து விட்டுட்டு நீ கூடவே இருன்னு சாவியைக் குடுத்தாரு.

அந்தப் புள்ளை பேரு சித்ரகலா. காங்கேயத்துக்காரி, மெட்ராஸ்ல படிச்சுட்டு வந்தது. கையில ஒரு கேமரா, கூடமாட ஒத்தாசைக்கு ஒரு சிநேகிதி, அவ்வளவுதான். என்ன கதை அம்மிணின்னு கேட்டேன்.

"பனியன் கம்பெனியில வேலை செய்யற ரெண்டு ஆம்பளைங்க ஒருத்தரை ஒருத்தர் விரும்பறாங்கண்ணா"ன்னு, தக்காளி வெலை சொல்ற மாதிரி சொல்லுச்சு.

ஓனருக்கு இந்தக் கதை தெரியாது. நானும் சொல்லலை. ஏன் சொல்லலைன்னு இப்ப யோசிச்சாலும் பிடிபடலைங்க.

அந்த ரெண்டு பேர்ல ஒருத்தனா நடிக்க வந்தவன்தான் சிவராஜ். அனுப்பர்பாளையத்துல பாத்திரத்துக்குப் பாலிஷ் போடற பட்டறையில இருந்தான். நான் இப்படித்தான்னு ஊட்லயும் பட்டறையிலயும் வாய்விட்டுச் சொல்லிப்போட்டு, அதுக்கு வாங்க வேண்டிய அடியையெல்லாம் வாங்கி முடிச்சவன். பாலிஷ் கரி ஏறி அவன் வெரல் இடுக்கெல்லாம் கறுத்துக் கெடக்கும். சோப்புப் போட்டாலும் போகாது. அதைப் பத்தி அவனுக்குக் கூச்சமே இல்லை. எதுக்குமே கூச்சமில்லாத ஆளு.

இன்னொருத்தனா நடிக்க வேண்டிய பையன் வரலை. விசயம் தெரிஞ்சு ஊட்ல அவனை உள்ள போட்டுப் பூட்டீட்டாங்களாம். சித்ரகலா என்னையப் பாத்து, "அண்ணா, நீங்க சும்மா துணி வெட்டுங்க, போதும்"னுச்சு. வெட்டறது என்ற தொழிலு. வெட்டுனேன். அடுத்த ஞாயிறு ரெண்டு பேரும் ஒரே தட்டத்துல சோறு திங்கோணும்னுச்சு. தின்னேன். அதுக்கடுத்த வாரம் கையைப் புடிக்கச் சொல்லுச்சு. புடிச்சேன். திருடனா நடிக்கறவன் திருடன் ஆயிருவானுங்களா? அது மாதிரிதான்.

கடைசி சீன் ஒரு மத்தியானம் எடுத்தாங்க. ஜன்னல் எல்லாத்தையும் தொறந்து வெச்சு, துணி ரோல் மேல எங்களை உக்கார வெச்சுது. அவன் என்ற தோள்ல சாயோணும், நான் அவன் கன்னத்துல கை வெக்கோணும், அதோட படம் முடிஞ்சுது. சாஞ்சான். வெச்சேன். அந்தப் புள்ளை கட் சொல்லியிருக்கு. நான் கையை எடுக்கலை. எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தத்துல எனக்குக் கேக்கலைங்க.

அதோட அவனைப் பாக்கறதை உட்டுட்டேன். ஆனியில டில்லிக் கோர்ட்டு, ஆம்பளையும் ஆம்பளையும் விரும்பறது குத்தமில்லைன்னு அவியளுக்குச் சாதகமா ஒரு தீர்ப்புச் சொல்லுச்சு பாருங்க, இந்த 2009-ல. அதைக் கொண்டாடறோம்னு சித்ரகலாவும் சிவராஜும் இன்னும் நாலஞ்சு பேரும் பஸ் ஸ்டாண்டு முன்னால தப்படிச்சு நாடகம் போட்டாங்க. நான் என்ற மச்சான் சிவசுப்பிரமணியத்தோட அந்தப் பக்கம் வந்தேன். கோமளாவோட அண்ணன். ஆள்பலம் உள்ளவரு. "இதென்றா நம்மூர்ல"ன்னு கேட்டுட்டே வண்டியை உட்டு எறங்குனாரு. அவரு ஆளுங்க தப்படிச்சவன் கையை முறுக்கி ஒடிச்சாங்க. சித்ரகலாவை முடியைப் புடிச்சு இழுத்துத் தள்ளுனாங்க. நான் சிவராஜ் வாயில ஒரு குத்து உட்டேன். அடிக்காம நின்னா மச்சானுக்குச் சந்தேகம் வருமில்லீங்களா? பல்லு ஒண்ணு கழண்டு விழுந்துருச்சு. கீழ விழுந்தவனை நெஞ்சுலயும் மிதிச்சேன். அது தேவையில்லாததுதான், ஒத்துக்கறேன்.

அவன் கீழ கெடந்து என்னையப் பாத்தான். யாரு அடிச்சாங்கன்னு ஸ்டேசன்ல உங்காளுங்க கேட்டப்ப, "கூட்டத்துல தெரியலீங்க"ன்னு சொல்லிப்போட்டான். இப்படி ஒருத்தன் நமக்காகப் பொய் சொல்றது எவ்வளவு பெரிய தொந்தரவுன்னு உங்களுக்குத் தெரியாதுங்க ஐயா.

ஆவணியில சித்ரகலா படத்தை முடிச்சுட்டு எங்க ரெண்டு பேரையும் அதோட ரூமுக்குக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டுச்சு. பஸ் ஸ்டாண்டுல என்னைய அது பாக்கலை போல. மரியாதையாத்தான் உக்கார வெச்சுது. படம் நல்லாத்தான் இருந்துச்சு. கடைசியில அதோட குரல்ல "கட்"னு கேக்குது. படம் அங்க நிக்கலை. நாங்க ரெண்டு பேரும் அப்படியே உக்காந்திருக்கோம். என்ற கட்டைவெரல் அவன் புருவத்தைத் தடவிட்டே இருக்குது. அவன் கண்ணை மூடிக்கறான். நான் அழுகறேன். அழுததே எனக்கு அப்பத்தான் தெரியும்.

"கட் சொன்ன பிறகு நடந்ததை எதுக்கு அம்மிணி வெச்சே?"ன்னு கேட்டேன்.

"அதுதாண்ணா படமே."

"எனக்குக் கேக்கலை. ஃபேன் சத்தம்."

அந்தப் புள்ளை கம்ப்யூட்டரை நிறுத்திப்போட்டு, "அன்னிக்குக் கரண்டே இல்லீங்களேண்ணா"ன்னுச்சு.

சிவராஜ் பல்லு போன வாயோட தரையைப் பாத்துட்டு உக்காந்திருந்தான்.

நல்ல புள்ளைங்க அது. என்ற மூஞ்சி போன போக்கைப் பாத்துட்டு, "உங்களுக்கு வேண்டாம்னா எடுத்தர்றேண்ணா. உங்க சம்மதமில்லாம வெக்க மாட்டேன்"ன்னுச்சு. என் கண்ணு முன்னாலயே அழிச்சுது. கேமராவுல இருந்த டேப்பையும் என்ற கையில குடுத்துருச்சு. ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில போட்டு எரிச்சேன். அதனால, படம் வெளிய வரக்கூடாதுன்னு கொன்னதா நீங்க எழுதியிருக்கறது தப்புங்க. திருத்தி எழுதிக்குங்க. படத்துல ஒண்ணுமில்லை. அது எனக்கு நல்லாவே தெரியும்.

போன ஞாயித்துக்கிழமை அவனைக் கம்பெனிக்கு வரச் சொன்னேன். பல்லை ஒடச்சதுக்கு மன்னிப்புக் கேக்கலாம்னுதான் கூப்பிட்டேன். வேற நெனைப்பு இல்லை. கோமளா பண்ணுன கறிச்சோறு கொண்டு போயிருந்தேன். பல்லு போன பக்கம் வலிக்குதுன்னு ஒரு பக்கமாவே மென்னு தின்னான். எனக்கும் ஒரு வாய் எடுத்து நீட்டுனான். நான் வேண்டாம்னுட்டு, "டேப்பை எரிச்சுட்டேன் சிவராஜு. இனி ஒண்ணுமில்லை"ன்னேன்.

அவன் சிரிச்சான். கிண்டலா இல்லீங்க. "டேப்பு போனாப் போவுதுங்க மாஸ்டர். எனக்கு ஞாபகமிருக்குது. உங்களுக்கும் இருக்குமில்லீங்க"ன்னான்.

அதுல தப்பா ஒரு வார்த்தை இல்லை பாருங்க. மெரட்டலை, காசு கேக்கலை, எங்கூட்டுல சொல்லுவேன்னும் சொல்லலை. ஆனா எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. டேப்புன்னா எரிச்சுப்போடலாம். இவனை என்ன பண்றது?

அவன் குண்டாவுல கை கழுவக் குனிஞ்சான். துணி நகராம இருக்க மேல ஏத்தி வெக்கற இரும்பு வெயிட்டு டேபிள் மேல இருந்துச்சு. எடுத்துப் பின்மண்டையில அடிச்சேன். மொத அடியில விழுகலை. திரும்பி என்னையப் பாத்தான். என்னமோ கேக்க வந்தாப்புல இருந்துச்சு. அதனால அடுத்ததை வாயிலயே அடிச்சேன். கையைத் தூக்கி மறைச்சான். அந்த வெரலும் நசுங்கிப் போச்சு. கத்தலை. கத்தியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனோ என்னமோ. எத்தனை அடின்னு எனக்குத் தெரியாது, டாக்டரு சொல்லுவாரு. கண்ணு, புருவம் எதுவும் அடையாளம் தெரியாம போற வரைக்கும் அடிச்சேன். நாந்தானுங்க அடிச்சேன். வேற யாரும் அந்தப் பக்கம் வரலை. மச்சானுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

சாயங்காலம் பொழுதோட வாச்மேன் வந்து கதவைத் தட்டற வரைக்கும் ஓடாம ஏன் அங்கயே உக்காந்திருந்தேன்னு திருப்பித் திருப்பிக் கேக்கறீங்க. சொல்றனுங்க. அவன் தலை என்ற மடியில இருந்துச்சு. தரை சிமெண்டுத் தரை. எடுத்துக் கீழ வெச்சா வலிக்குமேன்னுதான் உக்காந்திருந்தேன். வேற ஒண்ணுமில்லீங்க.