கெடு முடிந்த பெயர்

யெர்கோ: நிஜமாத்தான் சொல்றேன்க்கா. கெடு முடிஞ்சிடுச்சு. இங்க பாரு, சிவப்புல காட்டுது.

விங்கா: முதல்ல அந்தப் புரெக் ரொட்டியைக் காகிதத்துக்குள்ள வை. சீட்டு முழுக்க எண்ணெய்.

யெர்கோ: இந்த வண்டிக்கு எண்ணெய் பட்டா அழகுதான் கூடும். இருபத்திரண்டு வருஷம்! கப்பல்ல ஏத்துறவன் பழைய இரும்புன்னு தனி டிக்கெட் கேக்கப் போறான்.

விங்கா: இந்தப் பழைய இரும்புதான் உன்னைத் தீவுக்குக் கொண்டுபோய் நோட்டரி வாசல்ல இறக்கப் போகுது. வாயை மூடிட்டு உக்காரு. எதுக்குடா கெடு முடிஞ்சுது? வீட்ல பால் வாங்கி வெச்சியே, அதுக்கா?

யெர்கோ: போனாட்சாவுக்கு.

விங்கா: ஜன்னலை ஏத்து, காத்து உள்ள வருது.

யெர்கோ: என்னக்கா, பேச்சை மாத்துற?

விங்கா: நான் என்ன பேசணும்? உன் வெப்சைட் பேரு சமாசாரம் எனக்கு என்ன தெரியும்? அதைத்தான் ஆறு வருஷம் முன்னாடியே வித்துட்டியே.

யெர்கோ: வித்தேன். ஒன்பதாயிரம் யூரோவுக்கு. நம்ம ஸ்ப்ளிட் ஊர்ல எவனும் அதுவரைக்கும் ஒத்தை வார்த்தையை அந்த விலைக்கு வித்ததில்ல.

விங்கா: தெரியும்டா. கடலோரக் காபிக் கடையில ஒரு நாற்காலி விடாம சொல்லியாச்சு.

யெர்கோ: கேளு. இப்போ அந்தப் பேரை வாங்கினவன் காசு கட்டாம விட்டுட்டான். கெடு செவ்வாக்கிழமையோட முடிஞ்சுது. வருஷா வருஷம் கட்டணும்ல...

விங்கா: வருஷா வருஷமா?

யெர்கோ: உனக்கு எத்தனை தடவைதான் சொல்றது! வீடு வாங்குற மாதிரியாக்கா இது? வாடகை மாதிரி. கட்டலைன்னா கைய விட்டுப் போயிடும். கொஞ்ச நாள் பார்ப்பாங்க, அப்புறம் ஏலத்துக்கு விட்டுடுவாங்க.

விங்கா: ஓ.

யெர்கோ: என்ன 'ஓ'?

விங்கா: சும்மாத்தான். முன்னாடி வண்டி நகருதா பாரு.

யெர்கோ: அது நகராது. ஒரு ஜெர்மன்காரன் நாயை இறக்கி விட்டுட்டு நிக்கிறான்... வெப்சைட் பேரு விக்கிற எங்க குரூப்ல காலைலேர்ந்து இதே பேச்சுதான். 'யெர்கோ, உன் போனாட்சா விழப்போகுதே, என்ன சமாசாரம்?'னு ஆளாளுக்குக் கேக்குறாங்க.

விங்கா: ஒரு பேருக்குக் காசு கட்டாததுல என்ன சமாசாரம் இருக்கு? மறந்திருப்பாங்க.

யெர்கோ: அந்த மாதிரிப் பேரை எவனும் மறக்க மாட்டான்க்கா. கடல் அலையே இல்லாம கெடந்தா நம்ம ஆளுங்க வாயில முதல்ல வர்ற சொல்லு. பாய்மரப் படகு வாடகைக்கு விடுறவன் ஒவ்வொருத்தனும் அதுக்கு நாக்கைத் தொங்கப் போடணும். அப்படிப்பட்டதை ஒருத்தன் விடுறான்னா, எங்க தொழில்ல அதுக்கு மூணே அர்த்தம்தான். செத்துட்டான். இல்லன்னா, ஓட்டாண்டி ஆயிட்டான்.

விங்கா: மூணாவது?

யெர்கோ: மூணாவது... இதெல்லாம் இனிமே நடக்காதுன்னு அவனுக்கே தெரிஞ்சுபோச்சு. மாரிபோர்க்காரன் ஒருத்தன் போன மாசம் இருநூறு வெப்சைட் பேரை ஒரே வாரத்துல விட்டான். பத்து வருஷமா சேர்த்தது. ஒரு வார்த்தை எழுதல. குரூப்லேர்ந்தே காணாமப் போயிட்டான்.

விங்கா: நீ எத்தனை வெச்சிருக்க இப்போ?

யெர்கோ: நானா? நானூறு.

விங்கா: யெர்கோ.

யெர்கோ: ...நூத்திப் பத்து.

விங்கா: மிச்சம்?

யெர்கோ: வேண்டாததை எல்லாம் களைஞ்சுட்டேன். தோட்டத்துல செய்யற வேலைதான் இது. நீ ஏன் பல் டாக்டர் மாதிரி நோண்டுற?

விங்கா: டாக்டர் வேற, பல் செட்டு செய்யறவ வேற. இருபத்தஞ்சு வருஷமா சொல்றேன், உனக்கு ஏறல.

யெர்கோ: சரி, செட்டுக்காரி. இப்போ விஷயத்துக்கு வரேன். அம்மா வீட்டை வாங்குற செக் நாட்டுக்காரர் இன்னிக்குக் கையெழுத்தானதும் பாதிக் காசு போட்டுடுவார்ல?

விங்கா: அப்படித்தான் சொன்னார்.

யெர்கோ: அதுல முதல் வேலையா போனாட்சாவைத் திரும்பப் பிடிக்கப் போறேன்.

விங்கா: என்ன?

யெர்கோ: ஏலத்துக்கு வர்றப்போ ஏழு, எட்டாயிரத்துக்குப் பிடிச்சா நல்ல பேரம். அப்புறம் இன்னொரு தடவை விப்பேன். பதினஞ்சுக்கு. ஒரே பேரை ரெண்டு தடவை வித்தவன்னு சாக்ரெப் கூட்டத்துல மேடையில ஏத்துவாங்க.

விங்கா: உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அம்மா வீட்டை வித்து அதை வாங்குறியா?

யெர்கோ: வீட்டை விக்க நீயும்தானே சரின்ன.

விங்கா: நீ கேட்டே, சரின்னேன்.

யெர்கோ: ஏன் சரின்ன? நான் இப்பக்கூட யோசிச்சுப் பாக்குறேன். அம்மா போய் ஒரு வருஷம் ஆகல. அந்தக் கல்லு வீட்டு மேல உசிரையே வெச்சிருக்கவ நீ. 'விங்கா, வித்துடலாமா'ன்னு ஒரே ஒரு வார்த்தை. உடனே சரின்னுட்ட. ஒரு சண்டை உண்டா, ஒரு அழுகை உண்டா?

விங்கா: எனக்கு உன்கிட்ட மாட்டேன்னு சொல்ல முகமில்ல. அவ்வளவுதான்.

யெர்கோ: முகமில்லையா? உனக்கா? எதுக்கு?

விங்கா: விடுடா. தெக்கத்தி யூகோ காத்து அடிக்குது, காலைலேர்ந்து தலை வலி. எதையாவது உளறுவேன்.

யெர்கோ: காத்து மேல பழி போடாதே. சொல்லு.

விங்கா: அந்தப் பேரை மட்டும் வாங்காதே. என் கையால உனக்கு வேற எதுக்கு வேணா தரேன். அதை வாங்காதே.

யெர்கோ: ஏன்க்கா?

விங்கா: அதை எவனும் உன்கிட்டேர்ந்து வாங்க மாட்டான். எவனும் கேட்டதே இல்ல.

யெர்கோ: எவனும் கேக்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்? ஒருத்தன் வாங்கினானே. ஒன்பதாயிரம் எண்ணிக் குடுத்தானே. சாக்ரெப் தரகர் மூலமா, தன் பேரைச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டு...

விங்கா: 'வாங்கினான்' இல்லடா, 'வாங்கினா'.

யெர்கோ: என்ன?

விங்கா: வாங்கினது நான். திட்டு. கதவைத் திறந்துக்கிட்டு இறங்கிப் போ. எதையாவது செய். இப்படி ரோட்டைப் பார்த்துட்டு உக்காராதே.

யெர்கோ: நீ வாங்கின.

விங்கா: மெரி உன்னை விட்டுட்டுப் போனாளே, அந்தக் குளிர்காலம். மூணு மாசம் சோபாவை விட்டு எழுந்திரிக்கல நீ. தாடி, அழுக்குச் சட்டை. கையில போனு. பேரு பேரா தள்ளிட்டே கெடப்ப. கப்பல் பட்டறையில உனக்கு லீவும் தீர்ந்துபோச்சு. அம்மா தீவுலேர்ந்து தினம் கூப்பிடுவா. 'இன்னிக்காவது குளிச்சானா?'ன்னுதான் கேப்பா. நான் குளிச்சான்னு பொய் சொல்லுவேன். ஒரு நாள் நீ என்கிட்ட சொன்ன, 'ஒண்ணே ஒண்ணு வித்தாப் போதும்க்கா, நான் மனுஷனாயிடுவேன்'னு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல.

யெர்கோ: அவ்வளவு காசு உனக்கு ஏது?

விங்கா: சொந்தமா ஒரு லேப் போடணும்னு வெச்சிருந்தேன். அடுப்பு, மேஜை, ஒரு சின்ன அறை. போடல. அவ்வளவுதானே. டாக்டர் லேபிலேயே காலம் ஓடிடுச்சு.

யெர்கோ: மாமாவுக்குத் தெரியுமா?

விங்கா: மாத்தேவுக்கா! அம்மா வீட்டுக் கூரையை மாத்தினேன்னு சொல்லி வெச்சிருக்கேன். அன்னிலேர்ந்து முடிஞ்ச வரைக்கும் மழை நாள்ல அந்த மனுஷனைத் தீவுப் பக்கமே கூட்டிட்டுப் போனதில்ல. உள்ள நாலு வாளி வெச்சுத் தண்ணி பிடிக்கணும்ல.

யெர்கோ: அதான் அம்மாவோட சாவுக்குக் கூட்டம் வந்தப்போ நீ மேல ஓடி ஓடித் துடைச்சியா?

விங்கா: சிரிக்காதே.

யெர்கோ: சிரிக்கலக்கா.

விங்கா: வித்ததும் நீ எழுந்த. அன்னிக்கே முகம் மழிச்ச. எங்களுக்கு ஆட்டுக்குட்டி சுட்டுப் போட்ட, ஞாபகமிருக்கா? அம்மா அழுதா. நானும்தான். நல்லதுதான் செஞ்சேன்னு நினைச்சேன். அடுத்த மாசமே கப்பல் பட்டறை வேலையை விட்டுட்டு வந்து நின்ன. 'எனக்கு இதுல கைராசி இருக்கு'ன்ன. அப்போ சொல்லியிருக்கணும். வாயைத் திறந்தேன், நீ சந்தோஷமா இருந்த, மூடிட்டேன். அப்புறம் இருநூறு பேரு வாங்கின, முன்னூறு பேரு வாங்கின. ஒவ்வொரு தடவையும் மூடிட்டேன். இப்போ வீடு வரைக்கும் வந்து நிக்குது. எனக்கு எவ்வளவு கேவலமா இருக்குன்னு உனக்குப் புரியாதுடா. உன்னை எழுப்புறேன்னு சொல்லிப் படுகுழியில தள்ளிட்டேன். தம்பியை முட்டாளாக்கிட்டு, அவன் ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறதைப் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டிருந்தேன்.

யெர்கோ: நீ முட்டாளாக்கல.

விங்கா: பின்ன இதுக்கு என்ன பேரு?

துறைமுகத்து ஆள்: மூணாம் வரிசை! இன்ஜினைப் போடுங்க! அம்மா, உங்களைத்தான். அடுத்தது நீங்க!

விங்கா: போடுறேன், போடுறேன்! அந்தாளு ஒருத்தன்... யெர்கோ, எதையாவது சொல்லுடா. கப்பல்ல ஏறுறதுக்கு முன்னாடி சொல்லு. நோட்டரிகிட்ட இதை மனசுல வெச்சுக்கிட்டு என்னால பேனாவைத் தொட முடியாது.

யெர்கோ: நீ ஏன் இந்த வருஷம் காசு கட்டலைன்னு குரூப்ல மண்டையை உடைச்சுக்கிறானுங்க. 'வாங்கின கோடீஸ்வரன் திவாலாயிட்டான்'னு ஒருத்தன் சாதிக்கிறான்.

விங்கா: கோடீஸ்வரனாம். இந்த வண்டியை ஓட்டுற கோடீஸ்வரன். நான் எங்கடா கட்டினேன்? கட்டணும்னே எனக்குத் தெரியாது. வாங்கினா வாங்கினதுதானேன்னு இருந்துட்டேன். தரகர் ஏதோ மெயில் வரும்னார். நான் எங்க அந்த மெயிலைத் திறந்தேன்?

யெர்கோ: ஒரு தடவைகூட கட்டலையா?

விங்கா: ஒரு தடவைகூட இல்ல. நீ இப்போ சொல்லித்தான் வருஷா வருஷம்ங்கிறதே... இரு. இருடா. வருஷா வருஷம் கட்டலைன்னா போயிடும்னுதானே சொன்ன?

யெர்கோ: ஆமா.

விங்கா: முதல் வருஷத்துக்கு வாங்குறப்போவே சேர்த்துக் கட்டியிருப்பாங்க. அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் போயிருக்கே. அது ஏன் செவ்வாக்கிழமை வரைக்கும் என்கிட்டேயே இருந்துச்சு?

துறைமுகத்து ஆள்: அம்மா! தூக்கமா? வண்டியை எடுங்க!

விங்கா: கத்தாதேய்யா, கேக்குது! யெர்கோ... என்னைப் பாரு. அஞ்சு வருஷமா அதுக்குக் கட்டினது யாரு?

யெர்கோ: நான்தான்க்கா. முதல் வருஷக் கெடு வந்தப்போ உன் மெயிலுக்கு எழுதியிருந்தாங்க. அந்த மெயில் கணக்கை உனக்குத் திறந்து குடுத்ததே நான்தானே, கரண்டு பில்லு பாக்கலாம்னு உள்ள போனேன், போனாட்சாவுக்கு நேரா உன் பேரு. அதே வாரம் பட்டறை மேஸ்திரி கூப்பிட்டார், வாடா, உன் இடம் காலியாத்தான் இருக்குன்னு. தெரிஞ்சும் அவர்கிட்ட சொன்னேன், போனாட்சாவை வித்தவன் இனிமே வெல்டிங் பிடிக்க வர மாட்டான்னு. அப்புறம் வருஷா வருஷம் உன் பேர்ல நானே கட்டினேன், அது விழுந்தா, வாங்கினது என் அக்காதான்னு எவனாவது தோண்டிக் கண்டுபிடிச்சுடுவானேன்னு. இந்த வாரம் நான்தான் கட்டாம விட்டேன். உன் வாயாலேயே வரட்டும், வீட்டை விக்க விடாம நீயே என்னைத் தடுக்கட்டும்னு காலைலேர்ந்து சீண்டிட்டு வரேன், நானா சொல்ல வெக்கமா இருந்துச்சு... வண்டியை வரிசையை விட்டு வெளிய எடுக்கா. நான் கையெழுத்துப் போடல.